ஒற்றைக் கொம்பனுக்குக் கொடுத்த தோடம்பழம்

எங்கள் வீட்டில் படங்களுக்கு இரண்டு இடம் உண்டு. சாமிப் படங்கள் குசினிக்குப் பக்கத்து அலுமாரித் தட்டில். செத்துப்போனவர்களின் படங்கள் ஹோல் சுவரில், தொலைக்காட்சிக்கு மேலே. லண்டன் பிளேஸ்டோவில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த ஒழுங்கு மாறியதில்லை. போன வருடம் சாமித் தட்டுக்கு ஒரு புதுப் படம் வந்தது. பாலைவனத்தில் ஒரு கல் வீடு. அதன் யன்னலுக்குள் தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு கொம்பன் யானை. ஒரு கொம்பு பாதியில் முறிந்திருக்கும். என் கணவர் காலையில் குளித்துவிட்டு வந்து மற்றச் சாமிகளுக்கு வைக்கிற சந்தனத்தை அதற்கும் வைப்பார்.

அந்த யானை உயிரோடு இல்லை என்பதை ஐந்து மாதம் நான் ஒருத்தி மட்டும் தெரிந்து வைத்திருந்தேன். அது செத்ததற்குக் காரணம் நான் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு நேர்த்திக்கடன். லண்டனுக்கு வந்த புதிதில் குரோய்டனில் அகதிக் கேஸ் பதிகிற அந்தப் பெரிய கந்தோருக்கு வெளியே விடியற்காலைக் குளிரில் வரிசையில் நின்றோம். மகளுக்கு மூன்று வயது. என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற எங்கள் சனம் முழுக்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டிருந்தது. முன்னால் நின்றவர் நூற்றெட்டு என்றார். பின்னால் நின்ற மனிசி ஆயிரத்தெட்டு என்றாள். இத்தனை தேங்காயையும் வைத்துக்கொண்டு அவர் என்னதான் செய்வார் என்று எனக்குத் தோன்றியது. ஏலத்தில் கூட்டிக் கேட்கிற மாதிரி நான் வேறொன்றைச் சொன்னேன். எங்களை இந்த நாட்டில் இருக்க விட்டால் உயிருள்ள ஒரு யானைக்கு என் கையால் பழம் கொடுப்பேன் என்று. நான் எப்போதும் இப்படித்தான். நாலு பேர் செய்கிறதைச் செய்தால் எனக்குச் செமிக்காது.

அதே கட்டடத்துக்குப் போய் வந்த காலத்தில் இன்னொரு பாடமும் படித்தேன். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லித் தந்தது. விசாரணையில் முதல் தரம் என்ன சொன்னாயோ அதையே கடைசி வரைக்கும் சொல்லு. பிழை என்று பிறகு தெரிந்தாலும் மாற்றாதே. மாற்றினால் எல்லாமே பொய் என்று எழுதிவிடுவார்கள், கேஸ் போய்விடும். முதல் நாள் பதற்றத்தில் எங்கள் வீடு எரிந்த மாதத்தை ஓகஸ்ட் என்பதற்குப் பதிலாக ஒக்டோபர் என்று சொல்லிவிட்டேன். திரும்பி ரயிலில் வரும்போதே பிழை என்று தெரிந்தது. திருத்தவில்லை. மூன்று வருடம் கேட்ட இடமெல்லாம் ஒக்டோபர் என்றே சொன்னேன். விசாவும் கிடைத்தது. இன்றைக்கும் யாராவது கேட்டால் என் வாயில் ஒக்டோபர்தான் முதலில் வரும்.

விசா கிடைத்தது, நேர்த்தி கிடந்தது. ஒருதரம் ஊருக்கு வெளியே ஒரு மிருகக்காட்சிச் சாலைக்குக் கைப்பையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் காவலுக்கு நின்ற பெட்டை என் பையைப் பார்த்தவுடனே தலையை ஆட்டினாள். இன்னொரு தரம் ஒரு கல்யாணத்துக்குக் கொழும்புக்குப் போனபோது யானை நிற்கிற கோயில் ஒன்றை விசாரித்து வைத்திருந்தேன். போய் இறங்கிய கிழமையே சித்தப்பா காலமானார். செத்த வீட்டுத் துடக்கோடு கோயிலுக்குப் போக முடியுமா? பழத்தை நாங்களே தின்றோம். நேர்ந்தது நீ, அலைகிறது நான் என்று என் கணவர் சிரிப்பார்.

நான் சிரிக்கவில்லை. வீட்டில் எது பிழைத்தாலும் அந்தக் கடன்தான் என் நினைவுக்கு வரும். அவருக்கு நெஞ்சுக் குழாய் அடைத்தபோது நினைத்தேன். மகளுக்குக் கல்யாணமாகி, இரண்டு தரம் வயிற்றில் தங்காமல் போனபோது எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நேர்ந்தது அல்லவா. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கண்ணை உருட்டியிருப்பாள், பிறகு அறைக்குள் போய் அழுதிருப்பாள்.

எங்கள் கல்யாண நாளுக்கு அந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தது அவள்தான். அம்மாவுக்கு யானைப் பைத்தியம் என்று அவளுக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. நமீபியாவில் பாலைவன யானைகளைப் பார்க்கிற ஒரு விடுதி. கல்லும் மணலுமான மலைகளுக்கு நடுவில், காய்ந்து கிடந்த ஓர் ஆற்றின் கரையில், எட்டே எட்டுக் கல் வீடுகள்.

எங்களைக் கூட்டிப்போக வந்த வழிகாட்டி அந்த மலைகளிலேயே பிறந்து வளர்ந்தவர். அறுபதை நெருங்கிய, அதிகம் பேசாத மனிதர். கடைசிச் சிறுபட்டணத்தில் வண்டியை நிறுத்தி, தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நான் தண்ணீரோடு, நல்ல செம்மஞ்சள் நிறத்தில் ஆறு தோடம்பழமும் வாங்கினேன். பாரமாக இருக்கும் என்று பையை அவரே வாங்கி வண்டியில் வைத்தார்.

அதற்குப் பிறகு நாலு மணி நேரம் கிரவல் பாதை. அந்த நாலு மணி நேரத்தில்தான் அவர் யானைகளைப் பற்றிப் பேசினார். மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் நடக்கும், காய்ந்த ஆற்றைக் காலால் தோண்டித் தண்ணீர் எடுக்கும், ஒரு மரத்தில் ஒரு கிளையைத் தின்றால் மற்றதை விட்டுவைக்கும் என்றார். மரம் போனால் தானும் போவோம் என்று அதற்குத் தெரியுமாம். பிறகு, கேட்காமலே, இன்னொன்றும் சொன்னார். இந்த யானைகளுக்கு மனிதர் கையால் பழம் கிடைக்கக் கூடாது. ஒருதரம் கிடைத்தால் மனிதர் இருக்கிற இடத்தில் பழம் இருக்கும் என்று அதன் மண்டையில் ஏறிவிடும். பிறகு வீட்டைத் தேடி வரும். வீட்டைத் தேடி வருகிற யானையைக் கடைசியில் சுடுவார்கள். அப்படி ஒன்று சுடப்பட்டதைத் தான் பக்கத்தில் நின்று பார்த்ததாகச் சொன்னார். என் கணவர் ச்சு ச்சு என்றார். நானும் தலையை ஆட்டினேன். பை என் காலடியில் இருந்தது.

ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது.

விடுதியில் பதிகிற மேசையில் இருந்த பிள்ளை, பழம் ஏதும் இருந்தால் தரச் சொல்லிக் கேட்டது. பூட்டின அறையில் வைத்து, போகும்போது தருவார்களாம். இரண்டு தோடம்பழத்தை எடுத்துக் கொடுத்தேன். மீதி நாலும் காலுறைகளுக்குள் இருந்தன. நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்கிறேன். இரண்டு இனிப்பை மேசையில் வைத்துவிட்டு நாலைக் காற்சட்டைப் பைக்குள் அமுக்குகிற கள்ளர்களைத் தினமும் பிடிக்கிறவள். அந்த வித்தை எனக்கே இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை.

அன்று பின்னேரம் ஆற்றுக்குள் பெண் யானைகள் குட்டிகளோடு போயின. அழகுதான். ஆனால் நான் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவை போய்க் கொஞ்ச நேரத்தில் அந்தக் கொம்பனார் வந்தார். தனியாக, அவசரமில்லாமல், மணலில் சத்தமே இல்லாமல். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அங்கே மணியும் இல்லை, ஓசையும் இல்லை. வலது கொம்பு பாதியில் முறிந்திருந்தது. ஒற்றைக் கொம்பன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் கணவரின் கையைப் பிடித்தேன். அவரும் அதைத்தான் நினைத்தார், ஏனென்றால் தன்னையறியாமல் தலையில் குட்டிக்கொண்டார்.

மறுநாள் விடிகிற நேரம் நான் எழும்பிக் குளித்தேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பின்பக்க அறைக்கு இரும்புக் கம்பி போட்ட ஒரு யன்னல் இருந்தது. திறந்து பார்த்தால் பத்தடி தூரத்தில் அந்தக் கொம்பன் நிற்கிறது. வேறு என்ன சாட்சி வேண்டும்? செருப்பைக் கழற்றினேன். மூன்று தரம் தோப்புக்கரணம் போட்டேன். ஒரு தோடம்பழத்தைக் கம்பிக்கு வெளியே நீட்டினேன். பிள்ளையாரே, என்ரை பிள்ளையைப் பாரும் என்று மட்டும் சொன்னேன்.

அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வந்தது. தும்பிக்கையின் நுனியில் இரண்டு விரல் மாதிரி இருக்கும். அந்த விரல்களால் என் உள்ளங்கையைத் தடவி, மெதுவாக, என் கை நோகக்கூடாது என்கிற மாதிரி, பழத்தை எடுத்தது. அதன் மூச்சுச் சூடு மணிக்கட்டில் பட்டது. நான் அழுதேன். நாலு பழத்தையும் கொடுத்து முடித்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருபத்தைந்து வருடத்துப் பாரம் இறங்கின மாதிரி அழுதேன். அந்தச் சந்தோசத்தை நான் இப்போது மறுத்துப் பேச மாட்டேன். என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு காலை இல்லை.

காலைச் சாப்பாட்டுக்கு இருந்தபோது வழிகாட்டி எங்கள் மேசைக்கு வந்தார். யன்னலுக்குக் கீழே தடம் இருக்கிறது, யாராவது அதற்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று மெல்லக் கேட்டார். கோபமே இல்லை. கொடுத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, உடனே தெரிந்தால் சரி என்றார். அந்த வீட்டைக் கொஞ்ச நாள் வெறுமையாக விட்டு, அது வருகிற நேரம் தகரத்தைத் தட்டித் துரத்தினால் மறந்துவிடுமாம். என் கணவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் தெரியாத பார்வை. நான் இல்லை என்றேன்.

அதைச் சொன்ன கணத்தில் எதற்காகச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். தண்டம் கட்ட வேண்டும் என்ற பயம் இல்லை. அவர் முகத்தில் கேள்வி இருந்தது, கையில் குறிப்பு எழுதுகிற ஒரு சின்னக் கொப்பி இருந்தது. கொப்பியோடு ஒருவர் கேள்வி கேட்டால் என் நாக்கு தானாகவே சுருங்கிவிடும்.

அடுத்த நாள் விடியவும் அது வந்தது. நேரே அந்த யன்னலுக்கு. தும்பிக்கையைக் கம்பிக்குள் விட்டு, படியைத் தடவி, சுவரைத் தடவி, என் கையைத் தேடியது. நான் வெறுங்கையோடு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அது கம்பியைப் பிடித்து ஒருதரம் இழுத்துப் பார்த்தது. சாந்து உதிர்ந்தது. என் கணவர் அப்போது தேத்தண்ணி குடிக்கப் பெரிய கட்டடத்து விறாந்தைக்குப் போயிருந்தார். அங்கிருந்து தன் போனில் படம் எடுத்தார். சாமித் தட்டில் இருப்பது அந்தப் படம்தான். எங்களை ஆசீர்வதிக்கப் பிள்ளையார் தும்பிக்கையை நீட்டுகிறார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். அது தோடம்பழம் தேடுகிற யானை.

வழிகாட்டியும் அதைப் பார்த்தார். நாங்கள் புறப்படுகிற நேரம், பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, இரண்டாம் தரமும் என்னிடம் கேட்டார். இந்தத் தரம் தனியாக. கொப்பியும் இல்லை. எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் நேற்று இல்லை என்று சொல்லியாயிற்று. முதல் சொன்னதை மாற்றக் கூடாது. இல்லை என்றேன். அவர் வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

லண்டனுக்கு வந்து இரண்டு மாதத்தில் மகள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இந்தத் தரம் தங்கியது. மூன்று மாதம் தாண்டியதும் என் கணவரிடம் மட்டும் நேர்த்தி முடிந்த கதையைச் சொன்னேன், பழம் கொடுத்ததைச் சொன்னேன். அவருக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. வழிகாட்டி கேட்டதற்குப் பொய் சொன்னதை ஏதோ சின்னக் குறும்பு மாதிரி எடுத்துக்கொண்டார். அன்றைக்கே அப்டன் பார்க் கடைத்தெருவுக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக்கொண்டு வந்தார். துரத்தினால் மறந்துவிடும் என்று அந்த மனிதர் சொன்னாரே, துரத்தியிருப்பார்கள், மறந்திருக்கும் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மகளுக்கு ஐந்து மாதமாக இருந்தபோது வழிகாட்டியிடமிருந்து வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பள்ளிக்கூடத்தில், சாப்பாட்டு மண்டபத்தில், கையில் துடைக்கிற துணியோடு நின்று வாசித்தேன். ஒற்றைக் கொம்பன் வீடுகளின் யன்னல்களைத் தேடத் தொடங்கிவிட்டதாம். கீழே உள்ள குடியிருப்பில் ஒரு வீட்டு யன்னலைச் சுவரோடு பிடுங்கியதில் உள்ளே இருந்த பெண்ணுக்குக் கை முறிந்ததாம். மேலிடத்து அனுமதி வாங்கிச் சுட்டுவிட்டார்கள். உங்களுக்கு அதில் விருப்பம் என்று தெரியும், அதனால் அறிவிக்கிறேன் என்று முடித்திருந்தார்.

மண்டபத்தின் மூலையில் இரண்டு பொடியள் ஒரு தோடம்பழத் தோலைத் தூக்கி எறிந்துவிட்டு நானில்லை, நானில்லை என்று நின்றார்கள். வழக்கமாக நான் குனிந்து, உண்மையைச் சொன்னால் ஒன்றும் செய்ய மாட்டேன் என்பேன். எத்தனை நூறு தரம் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அந்தத் தோலை நானே பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சொன்னவன் சுடப்பட்ட யானையை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டான். நான் வீட்டில் மூச்சு விடவில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கிற நேரம் இதைச் சொல்ல முடியுமா? அது ஒரு சாட்டு. உண்மை என்னவென்றால், எனக்குப் பயம். அந்தப் பிள்ளையும் அந்த யானையும் என் மனதில் ஒரே நூலில் கட்டியிருந்தன. யானை செத்துவிட்டது என்று வாயால் சொன்னால் நூல் அறுந்துவிடும் என்று நினைத்தேன். ஆகவே தினமும் காலையில் அவர் செத்த யானைக்குச் சந்தனம் வைக்க, நான் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். இன்னும் வெட்கமான ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பழம் கொடுக்காமல் விட்டிருக்கலாமா என்று என்னையே கேட்டால், மகளின் வயிற்றைப் பார்த்துவிட்டு, என்னால் ஓம் என்று சொல்ல முடியவில்லை. சொல்லத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். கொடுத்ததை ஒப்புக்கொண்டிருக்கலாம். அதற்கு யாரும் ஒரு விலையும் கேட்கவில்லை.

பேரப்பிள்ளை சுகமாகப் பிறந்தாள். பிறந்து மூன்றாம் கிழமை நான் வழிகாட்டிக்கு எழுதினேன். நாலு நாள் எழுதி அழித்து, கடைசியில் நாலு வரியில் முடித்தேன். நான்தான் கொடுத்தேன், நாலு பழம், யன்னலால், என் கையால். நீங்கள் கேட்டபோது இரண்டு தரமும் பொய் சொன்னேன்.

பதில் பின்னேரமே வந்தது. தெரியும் என்று எழுதியிருந்தார். நீங்கள் கடையில் ஆறு வாங்கினீர்கள், பையை நான்தான் தூக்கினேன். மேசையில் இரண்டு கொடுத்தீர்கள். நான் விடுதி மனேச்சரிடம் சொன்னேன். விருந்தாளி இல்லை என்கிறார், விருந்தாளி சொல்வதுதான் எங்களுக்குக் கணக்கு, வீட்டைப் பூட்ட முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். நீங்கள் போன அடுத்த நாளே அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வர இருந்தார்கள். அதனால்தான் இரண்டாம் தரமும் உங்களிடம் கேட்டேன்.

ஒரு திட்டு இல்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லி மனதை ஆற்றியிருப்பேன்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு முடிந்து பிள்ளையை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். என் கணவர் அவளை வாங்கிக்கொண்டு நேரே சாமித் தட்டுக்குப் போனார். உன்னைக் கொண்டு வந்து தந்தவரைப் பார் என்று படத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். சந்தனம் எடுக்க அவர் விரல் போனது. எனக்கு அதற்கு மேல் ஏலவில்லை.

"வையாதேங்கோ," என்றேன். "அது செத்துப்போச்சு. சுட்டுப்போட்டினம். என்னாலைதான்."

எல்லாவற்றையும் சொன்னேன், குரோய்டன் வரிசையிலிருந்து அந்தக் கடைசிச் செய்தி வரைக்கும். போனைக் கொடுத்து வாசிக்க வைத்தேன். என் கணவர் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார். மகள் வாசித்து முடித்து, போனை மேசையில் வைத்தாள். தனக்காகப் பழம் கொடுத்தேன் என்பதற்குக் கோபிப்பாள் என்று பார்த்தேன். அவள் அதைத் தொடவே இல்லை.

"அவர் ரெண்டு தரம் கேட்டவர்தானே அம்மா," என்றாள். "ரெண்டாந்தரம் தனியாயும் கேட்டவர். ஏன் சொல்லேல்லை?"

"முதல் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். பிறகு மாத்தினா..."

அந்த வசனத்தை நான் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அது அவள் கேட்டு வளர்ந்த வசனம். அவள் வந்து என் பக்கத்தில் இருந்து, என் உள்ளங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பட் அம்மா," என்றாள், "அங்க உங்களை ஆரும் திருப்பி அனுப்ப மாட்டினம்."

அன்று அவர்கள் போன பிறகு படத்தைத் தட்டிலிருந்து எடுத்தேன். சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்தேன். ஹோல் சுவரில், என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பக்கத்தில், என் கணவர் ஆணி அடித்துத் தந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் யானையை ஏன் இங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு முதல் தரமே உண்மையைச் சொல்கிறேன்.